மெய்நிகர் கணினியை இடம் மாற்றுவதும் காப்புநகல் எடுப்பதும்

ஒரு கணினிக்குள் மென்பொருளின் துணையால் இன்னொரு கணினியைப் போலவே ஓடுவதுதான் மெய்நிகர் கணினி. அணைத்து வைக்கப்பட்ட ஒரு மெய்நிகர் கணினி, வட்டில் கிடக்கும் சில கோப்புகளேயன்றி வேறொன்றும் இல்லை. ஓடும்போது அதற்குத் திரை உண்டு, நினைவகம் உண்டு, பிணைய அட்டை உண்டு; நிறுத்திய கணமே அவையெல்லாம் மறைந்து, ஒரு கோப்புறையும் அதற்குள் நாலைந்து கோப்புகளும் மட்டும் எஞ்சுகின்றன. ஆகவே அந்தக் கோப்புறையை அப்படியே எடுத்து இன்னொரு கணினியில் வைத்தால் போதும் என்று பலரும் சொல்வது பெரும்பாலும் சரியே. ஆனால் எந்தக் கோப்புகள், எந்த நிலையில், எங்கே திறப்பதற்காக எடுக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே அந்த நகல் மறுபடி உயிர்பெறுமா என்பது அமைகிறது. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் எதை நகலெடுக்கிறோம் என்று அறியாமலே நகலெடுத்து வைத்துவிட்டு, தேவைப்படும் நாளில் தடுமாறுகிறார்கள்.

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். கையால் தொடக்கூடிய உண்மைக் கணினியை ஹோஸ்ட் என்றும், அதற்குள் ஓடும் மெய்நிகர் கணினியை கெஸ்ட் என்றும் சொல்வது வழக்கம். இரண்டுக்கும் நடுவே நின்று, செயலியின் நேரத்தையும் நினைவகத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். இந்த எண்ணம் புதிதன்று. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் இதைச் செய்து பார்த்து, 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிட்டது. மேசைக் கணினிகளுக்கு இது பரவலாக வந்து சேர்ந்தது 1999-இல் வெளியான விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் வழியாக. 2007-இல் விர்ச்சுவல்பாக்ஸ் வெளிவந்தது. அதே ஆண்டில் கேவிஎம், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருவின் (கெர்னல்) ஒரு பகுதியாயிற்று. மறு ஆண்டு மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி வந்தது. வீட்டிலும் அலுவலகத்திலும் ஒருவர் எதிர்கொள்ளக்கூடிய மெய்நிகர் கணினி அநேகமாக இந்த நான்கில் ஒன்றில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

கோப்புறைக்குள் என்ன இருக்கிறது

மிகப் பெரிய கோப்பு எதுவோ அதுவே மெய்நிகர் வட்டு. விர்ச்சுவல்பாக்ஸில் இது விடிஐ என்ற வடிவிலும், விஎம்வேரில் விஎம்டிகே வடிவிலும், ஹைப்பர்-வியில் விஎச்டிஎக்ஸ் வடிவிலும், கேவிஎம்மில் பெரும்பாலும் கியூகவ்2 வடிவிலும் இருக்கும். கெஸ்ட்டின் இயங்குதளம், அதில் நிறுவிய நிரல்கள், சேமித்த ஆவணங்கள் அனைத்தும் இந்த ஒரு கோப்புக்குள்ளேதான் அடங்கியிருக்கின்றன. இது பெரும்பாலும் தேவைக்கேற்ப வளரும் வகையைச் சேர்ந்தது என்பதால், கெஸ்ட்டின் உள்ளே 100 ஜிபி என்று காட்டும் வட்டு, வெளியே வெறும் 18 ஜிபி கோப்பாக இருப்பதில் வியப்பு இல்லை. வளர்ந்த கோப்பு தானாகச் சுருங்குவதில்லை; உள்ளே கோப்புகளை அழித்தாலும் வெளியே அளவு அப்படியே நிற்கும். இடமாற்றத்துக்கு முன் சுருக்க வேண்டுமானால், உள்ளே காலியாக உள்ள இடத்தைப் பூச்சியங்களால் நிரப்பிவிட்டு, ஹைப்பர்வைசர் தரும் சுருக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது விவரக் கோப்பு. அளவில் சில கிலோபைட்டுகளே என்பதால் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. இந்தக் கணினிக்கு எத்தனை செயலிக் கோர்கள், எவ்வளவு நினைவகம், வட்டு எந்த வகைக் கட்டுப்படுத்தியில் மாட்டப்பட்டிருக்கிறது, பிணைய அட்டையின் முகவரி என்ன, தொடங்குவது பழைய பயாஸ் முறையிலா யுஇஎஃப்ஐ முறையிலா என்பன போன்ற செய்திகள் இதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. விஎம்வேரின் விஎம்எக்ஸ் கோப்பையும் விர்ச்சுவல்பாக்ஸின் விபாக்ஸ் கோப்பையும் சாதாரண உரைத் திருத்தியில் திறந்து படிக்கலாம். ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. வட்டை மட்டும் காப்பாற்றி இதை விட்டுவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று பொருள் இல்லை. புதிதாக ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, பழைய வட்டை அதில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் பழைய கட்டுப்படுத்தி எது, தொடக்க முறை எது என்பதை நினைவிலிருந்து ஊகித்து அமைக்க வேண்டியிருக்கும்.

இவை இரண்டும் ஒரே கோப்புறையில்தான் இருக்கும் என்றும் எண்ணிவிட முடியாது. விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டாவதாகச் சேர்த்த வட்டு வேறொரு கோப்புறையில் இருக்கக்கூடும். லினக்ஸில் லிப்விர்ட் என்னும் நிர்வாகக் கருவி வழியாகக் கேவிஎம்மைப் பயன்படுத்துகிறவர்களுக்கோ வட்டுக் கோப்புகள் ஓரிடத்திலும், விவரக் கோப்புகள் இன்னோரிடத்திலும், யுஇஎஃப்ஐ அமைப்புகளைத் தாங்கும் சிறு கோப்பு மூன்றாவது இடத்திலும் இருப்பதே இயல்பு. அமைப்புகளின் பக்கத்தைத் திறந்து, மாட்டப்பட்டுள்ள ஒவ்வொரு வட்டும் எந்தப் பாதையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்ட பிறகே நகலெடுப்பதைத் தொடங்க வேண்டும்.

ஸ்னாப்ஷாட் என்னும் பொறி

மூன்றாவது வகைக் கோப்புகள், பின்னர் திரும்பி வருவதற்காகக் கெஸ்ட்டின் அப்போதைய நிலையைக் குறித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டை எடுக்கும்போது தோன்றுகின்றன. மிகுதியான இழப்புகளுக்கு இவையே காரணம் என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுத்ததும் வட்டின் முழு நகல் ஒன்று பத்திரமாக எங்கோ வைக்கப்படுகிறது என்றே பெரும்பாலோர் நினைத்துக்கொள்கிறார்கள். பொதுவாக நடப்பது இதற்கு நேர்மாறானது. அதுவரை எழுதப்பட்டு வந்த வட்டுக் கோப்பு அந்தக் கணத்தோடு உறைந்துவிடுகிறது. அதன் பிறகு கெஸ்ட் எழுதுவதெல்லாம் புதிதாகப் பிறக்கும் ஒரு வேறுபாட்டுக் கோப்பில் போய்ச் சேருகிறது. மீண்டும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தால் அந்த வேறுபாட்டுக் கோப்பும் உறைந்து, இன்னொன்று பிறக்கிறது. இப்படி ஒன்றின் மேல் ஒன்றாகச் சங்கிலி வளர்கிறது. ஒரு கோப்பைப் படிக்க வேண்டும் என்று கெஸ்ட் கேட்டால், ஹைப்பர்வைசர் சங்கிலியின் நுனியில் தேடத் தொடங்கி, அங்கே இல்லாததைக் கீழே கீழே இறங்கித் தேடி, கடைசியில் அடிவட்டு வரை போகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதற்கு மேலுள்ள அனைத்தும் பயனற்றுப் போகும். ஆகவே அதே வட்டில் அதே கோப்புறையில் கிடக்கும் ஸ்னாப்ஷாட்டைக் காப்புநகலாகக் கொள்ள முடியாது. வன்வட்டு பழுதானால் மூலமும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும். இரண்டாவது செய்தியை நான் பட்டுத்தான் அறிந்தேன். பல மாதங்கள் பயன்படுத்திய ஒரு மெய்நிகர் கணினியைப் புதிய மடிக்கணினிக்கு மாற்றியபோது, பெயரைப் பார்த்து அடிவட்டுக் கோப்பை மட்டும் எடுத்துப் போனேன். அங்கே அது எந்தக் குறையும் சொல்லாமல் ஓடியது. ஆனால் உள்ளே இருந்தவை எல்லாம் ஐந்து மாதங்களுக்கு முந்தையவை. இடையில் செய்த வேலை முழுவதும் ஸ்னாப்ஷாட்டுகளுக்கான துணைக் கோப்புறையில், படிக்க முடியாத நீண்ட எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகளில் கிடந்தது. பழைய கணினியை அதற்குள் துடைத்துவிடாமல் வைத்திருந்ததால் தப்பித்தேன். பிழைச்செய்தி காட்டி நின்றுபோகும் நகலைவிட, நன்றாக ஓடிக்கொண்டே பழையதைக் காட்டும் நகல் ஆபத்தானது.

எனவே இடம் மாற்றுவதற்கு முன், தேவையற்ற ஸ்னாப்ஷாட்டுகளை ஹைப்பர்வைசரின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது சிறந்தது. நீக்குவது என்ற சொல் அச்சமூட்டினாலும், அங்கே நடப்பது இணைப்பு வேலையே. வேறுபாட்டுக் கோப்பின் உள்ளடக்கம் வட்டோடு சேர்க்கப்பட்டு, இப்போதைய நிலை அப்படியே நிற்கும். இந்த வேலைக்கு வட்டில் போதிய காலியிடம் வேண்டும், நேரமும் பிடிக்கும். கோப்பு மேலாளரில் போய் அந்த வேறுபாட்டுக் கோப்புகளைக் கையால் அழிப்பது முற்றிலும் வேறு செயல். அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

அணைத்த பிறகே எடுக்க வேண்டும்

ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்ட்டின் வட்டுக் கோப்பைச் சாதாரணமாக நகலெடுத்தால், கோப்பின் தொடக்கப் பகுதி பத்து மணி நிலையிலும் கடைசிப் பகுதி பத்தரை மணி நிலையிலும் இருக்கும் ஒரு கலவையே கிடைக்கும். இடைநிறுத்தி வைப்பதும் முழுத் தீர்வாகாது. இடைநிறுத்தும்போது நினைவகத்தின் உள்ளடக்கமும் செயலியின் நிலையும் ஒரு கோப்பில் எழுதப்படுகின்றன. மறு கணினியின் செயலி வேறு தலைமுறையைச் சேர்ந்ததாகவோ, இன்டெலுக்குப் பதிலாக ஏஎம்டியாகவோ இருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர முடியாமல் அது நின்றுவிடக்கூடும். கெஸ்ட்டின் உள்ளே சென்று இயங்குதளத்தை முறைப்படி அணைப்பதே வழி. விண்டோஸ் கெஸ்ட்டாக இருந்தால், அதன் விரைவுத் தொடக்க வசதி முழுமையாக அணைய விடாமல் கருவின் நிலையை உறங்க வைத்துவிடும் என்பதால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அணைப்பதே பாதுகாப்பானது.

பிறகு முழுக் கோப்புறையையும் எடுத்துச் செல்லலாம். பென் டிரைவில் எடுத்துச் செல்கிறவர்கள் அது எஃப்ஏடி32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபி அளவை எட்ட முடியாது. டிரைவில் 64 ஜிபி காலியாக இருந்தும் கோப்பு மிகப் பெரியது என்று வரும் செய்திக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி வடிவமைத்தால் சிக்கல் தீரும்; அதற்கு முன் டிரைவில் உள்ளவற்றை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிணையம் வழியாக அனுப்பினால், 40 ஜிபி கோப்பு ஒன்று நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் போய்ச்சேர ஏறத்தாழ 53 நிமிடங்கள் ஆகும். நொடிக்கு 1 ஜிகாபிட் இணைப்பில் ஐந்தரை நிமிடங்கள் போதும். இவை கணக்குப்படி கிடைக்கும் எண்கள். நடைமுறையில் இதைவிடக் கூடும். சேர்ந்த பிறகு இரு பக்கத்துக் கோப்புகளுக்கும், உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட்டால், வழியில் ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும்.

புதிய கணினியில் முதன்முறை விஎம்வேரில் திறக்கும்போது, இதை இங்கே நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா என்று ஒரு கேள்வி எழும். சம்பிரதாயக் கேள்வி போலத் தோன்றினாலும் விடையில் பொருள் இருக்கிறது. நகர்த்தியதாகச் சொன்னால் பழைய அடையாள எண்ணும், பிணைய அட்டையைத் தனித்து அடையாளம் காட்டும் மேக் முகவரியும் அப்படியே தொடரும். நகலெடுத்ததாகச் சொன்னால் இரண்டும் புதிதாக உருவாக்கப்படும். மூலமும் நகலும் ஒரே பிணையத்தில் சேர்ந்து ஓடப்போகின்றன என்றால் புதிய முகவரி கட்டாயம் வேண்டும். ஒரே முகவரியோடு இரண்டு கணினிகள் இருந்தால் இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும், காரணமும் எளிதில் பிடிபடாது. மூலத்தை ஓய்வு கொடுத்து நிறுத்தப்போகிறோம் என்றால் பழையதையே தொடர்வது நல்லது. ஏனெனில் சில மென்பொருள் உரிமங்களும், மேக் முகவரியைப் பார்த்து ஐபி முகவரி ஒதுக்கும் ரௌட்டர்களும் அதையே நம்பியிருக்கின்றன. விர்ச்சுவல்பாக்ஸிலும் இதே விவகாரம் வட்டின் அடையாள எண்ணாக வெளிப்படும்: ஒரு விடிஐ கோப்பை நகலெடுத்து அதே கணினியில் மறுபடி சேர்க்க முயன்றால், அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுத்துவிடும். அங்கே கோப்பை நகலெடுக்காமல் குளோன் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

இடம் மாறிய பின் கெஸ்ட்டில் பிணையம் வேலை செய்யவில்லை என்றால், அது ஹோஸ்ட்டின் எந்த அட்டையோடு பாலமிடப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பழைய ஹோஸ்ட்டில் இருந்த அட்டையின் பெயர் புதிய ஹோஸ்ட்டில் இருக்காது. பகிர்ந்த கோப்புறைகளும், மாட்டியபடியே விட்ட ஐஎஸ்ஓ (குறுவட்டுப் படிம) கோப்புகளும் இதே காரணத்தால் பிழை காட்டும். கிளம்புவதற்கு முன்பே அவற்றைக் கழற்றிவிடலாம்.

ஹைப்பர்வைசரே மாறும்போது

விஎம்வேரிலிருந்து விர்ச்சுவல்பாக்ஸுக்கோ கேவிஎம்முக்கோ போக வேண்டுமானால் விவரக் கோப்பு மறுபக்கத்துக்குப் புரியாது. இதற்காகவே டிஎம்டிஎஃப் என்னும் தர அமைப்பு ஓவிஎஃப் என்ற பொது வடிவத்தை வகுத்தது. எக்ஸ்எம்எல் நடையில் எழுதிய விவரமும் வட்டுக் கோப்புகளும் தனித்தனியாக இருந்தால் அது ஓவிஎஃப். அவை அனைத்தையும் டார் முறையில் ஒரே கோப்பாகக் கட்டினால் அது ஓவிஏ. ஏற்றுமதி என்ற கட்டளை இந்தக் கோப்பை உருவாக்கும். மறுபக்கத்தில் இறக்குமதி செய்துகொள்ளலாம். ஏற்றுமதியில் இப்போதைய நிலை மட்டுமே போகும், ஸ்னாப்ஷாட் வரலாறு போகாது. ஓவிஎஃப்பைத் தவிர்த்து, வட்டை மட்டும் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற கியூஇஎம்யூ-இமேஜ் என்ற இலவசக் கருவி உதவும். மேலே சொன்ன நான்கு வடிவங்களையும் அது படிக்கும், எழுதும்.

பொது வடிவம் இருக்கிறது என்பதற்காக எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும் என்று நினைக்க வேண்டாம். கெஸ்ட்டின் பார்வையில் இது தாய்ப்பலகையையே மாற்றுவதற்குச் சமம். வட்டுக் கட்டுப்படுத்தியின் வகை மாறி, அதற்குரிய இயக்கி (டிரைவர்) கெஸ்ட்டில் இல்லாவிட்டால், விண்டோஸ் தொடங்கும்போதே நீலத் திரையோடு நின்றுவிடும். மெய்நிகர் கணினிகளுக்கென்றே அமைந்த கேவிஎம்மின் விர்ட்ஐஓ கட்டுப்படுத்திக்குப் போகிறவர்கள் இதை அடிக்கடி சந்திப்பார்கள். முதலில் வழக்கமான வன்வட்டு இணைப்பான சாட்டா வகையாக மாட்டித் தொடங்கி, உள்ளே இயக்கியை நிறுவிய பின் விர்ட்ஐஓவுக்கு மாற்றுவது வழி. யுஇஎஃப்ஐ முறையில் நிறுவியதை பயாஸ் முறையில் தொடங்க முயன்றால், வட்டு நன்றாக இருந்தும் தொடக்க வட்டு இல்லை என்றே சொல்லும். பழைய ஹைப்பர்வைசருக்கென்று கெஸ்ட்டில் நிறுவிய துணை மென்பொருளைக் கிளம்புவதற்கு முன் நீக்குவது எளிது. போய்ச் சேர்ந்த பின் அது நீங்க மறுப்பதும் உண்டு.

ஒரு எல்லையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எக்ஸ்86 செயலிக்காக நிறுவிய கெஸ்ட்டை, ஆப்பிள் 2020 முதல் விற்கும் எம் வரிசை மேக் போன்ற ஆர்ம் செயலிக் கணினியில் மெய்நிகராக ஓட்ட முடியாது. செயலியையே மென்பொருளால் பாவனை செய்து ஓட்டலாம் என்றாலும், அன்றாடப் பயன்பாட்டுக்கு அது மிக மெதுவாக இருக்கும்.

பெரிய சேவையகக் கூடங்களில் கெஸ்ட்டை நிறுத்தாமலே இடம் மாற்றுகிறார்கள். விஎம்வேர் இதை 2003-இல் விமோஷன் என்ற பெயரில் கொண்டுவந்தது. கெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகப் பக்கங்கள் மறுபக்கத்துக்கு நகலெடுக்கப்படும். அதற்குள் மாறிவிட்டவை மறுசுற்றில் எடுக்கப்படும். மிச்சம் மிகச் சிறிதானதும் ஒரு கணம் நிறுத்தி, அதையும் அனுப்பிவிட்டு, மறுபக்கத்தில் தொடங்கிவிடும். கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் ஸென் ஹைப்பர்வைசரில் இதைச் செய்துகாட்டியபோது, நிறுத்தம் 60 மில்லிவினாடி அளவுக்குக் குறைந்திருந்தது. இரண்டு ஹோஸ்ட்டுகளும் ஒத்த செயலிகளையும் பெரும்பாலும் பொதுவான ஒரு சேமிப்பகத்தையும் கொண்டிருக்க வேண்டும் என்பதால், தொடக்கநிலையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

காப்புநகல்

இடமாற்றத்துக்கும் காப்புநகலுக்கும் செய்முறை ஏறக்குறைய ஒன்றே; வேறுபாடு காலத்தில் இருக்கிறது. இடம் மாற்றிய நகலை அன்றே திறந்து பார்த்துவிடுகிறோம். காப்புநகலையோ என்றோ ஒரு நாள், பதற்றத்தில், மூலம் போன பிறகு திறக்கிறோம். வாரம் ஒருமுறை கெஸ்ட்டை அணைத்து, முழுக் கோப்புறையையும் வெளி வன்வட்டுக்கு நகலெடுப்பது எளிமையான முறை. ஒன்றிரண்டு மெய்நிகர் கணினிகளை வைத்திருப்பவருக்கு இதுவே போதுமானது என்பது என் கருத்து. கோப்புறையின் பெயரில் தேதியைச் சேர்த்து, கடைசி இரண்டு மூன்று நகல்களை வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றே ஒன்றை வைத்து அதன் மேலேயே எழுதிக்கொண்டிருந்தால், கெஸ்ட் கெட்டுப்போன வாரத்தில் நல்ல நகலும் கெட்டதால் மூடப்பட்டுவிடும்.

அணைக்கவே முடியாத கெஸ்ட்டுகளுக்கு ஹைப்பர்வைசர் ஒரு தற்காலிக ஸ்னாப்ஷாட் எடுத்து, உறைந்து நிற்கும் வட்டை நகலெடுத்து, பிறகு ஸ்னாப்ஷாட்டை இணைத்துவிடும். இப்படிக் கிடைக்கும் நகல், மின்சாரம் திடீரென்று போன கணினியின் வட்டைப் போன்றது. கோப்பு முறைமைகள் பெரும்பாலும் இதிலிருந்து மீண்டெழும். ஆனால் நினைவகத்தில் பாதி வேலையோடு நின்ற நிரல்களின் கதி உறுதியில்லை. ஆகவே விண்டோஸில் விஎஸ்எஸ் சேவையும், கேவிஎம்மில் கெஸ்ட்டுக்குள் ஓடும் சிறு முகவர் நிரலும், ஸ்னாப்ஷாட்டுக்கு ஒரு கணம் முன்பு எழுத வேண்டியதை எழுதி முடிக்கச் சொல்லி உள்ளே அறிவிக்கின்றன. தரவுத்தளம் ஓடும் கெஸ்ட் என்றால், தரவுத்தளத்தின் சொந்த ஏற்றுமதி வசதியால் உள்ளிருந்தும் ஒரு நகல் எடுத்து வைப்பது நலம். ஒரு சிறு ஆவணம் மட்டும் தேவைப்படும் நாளில், அதற்காக 40 ஜிபி வட்டை மீட்டெடுக்காமல் இருக்கவும் உள்ளிருந்து எடுக்கும் நகல் உதவும்.

எத்தனை நகல்கள் என்பதற்கு, ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கு இங்கும் பொருந்தும்: மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறிடத்தில். வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் கடவுச்சொல்லும், விண்டோஸின் வட்டு மறையாக்க வசதியான பிட்லாக்கரின் மீட்புக் குறியீடும் கெஸ்ட்டுக்கு வெளியே தனியாக எழுதி வைக்கப்பட வேண்டும். விண்டோஸ் 11 கேட்கும், பூட்டுச் சாவிகளைக் காக்கும் மெய்நிகர் டிபிஎம் சில்லின் உள்ளடக்கமும் வட்டுக்கு வெளியே இருப்பதால், வட்டுக் கோப்பை மட்டும் மீட்டால் பிட்லாக்கர் அந்தக் குறியீட்டைக் கேட்டு நிற்கும். குறியீடு அதே பூட்டிய வட்டுக்குள் இருந்தால் திறக்க வழியில்லை.

மாதம் ஒருமுறையேனும் ஒரு காப்புநகலை வேறொரு கணினியில் மீட்டுத் தொடங்கிப் பார்க்க வேண்டும். தொடங்குவதற்கு முன் அதன் பிணைய அட்டையை அமைப்புகளில் துண்டித்துவிடுவது அவசியம். மூலம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே பெயரோடும் அதே முகவரியோடும் இரட்டைப் பிறவி ஒன்று பிணையத்தில் நுழைந்தால், சோதனையே புதிய சிக்கலாகிவிடும். அஞ்சல் அனுப்பும் அல்லது கோப்புகளை ஒத்திசைக்கும் நிரல் உள்ளே இருந்தால் பழைய நிலையிலிருந்து அது வேலையைத் தொடங்கிவிடவும் கூடும். உள்நுழைந்ததும், கடைசியாகத் திருத்திய ஆவணத்தைத் திறந்து அதன் தேதியைப் பாருங்கள். தேதி சரியாக இருந்தால் சோதனைப் பிரதியை அழித்துவிடலாம். இடமாற்றமாக இருந்தால், பழைய கணினியில் உள்ள மூலக் கோப்புறையை மட்டும் புதியதில் இரண்டு மூன்று வாரம் வேலை செய்து முடிக்கும் வரை தொடாமல் விட்டு வையுங்கள்.